டாங்கிக்கு எதிரே ஐந்து விநாடி

யுத்த சரித்திரம் எழுதுகிறவர்கள் பீரங்கிக் குழலின் விட்டத்தையும் வெடிமருந்தின் எடையையும் குண்டு சென்ற தூரத்தையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, அந்தக் குண்டின் மூக்கிலோ அடியிலோ உள்ளங்கையளவு கூட இல்லாமல் ஒளிந்திருக்கும் ஃபியூஸ் என்ற உறுப்பை ஒரு வாக்கியத்தோடு கடந்துவிடுவது வழக்கம். பழைய போர்த் தளவாடங்களைச் சேகரிக்கிறவர்கள் மாத்திரமே இதற்கு விலக்கு. வெடிமருந்து முழுவதும் நீக்கப்பட்டு, உள்ளமைப்பு தெரியும்படி நெடுக அறுக்கப்பட்ட ஒரு பித்தளைத் துண்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு, இந்த ஊசியைத் தடுத்து நிறுத்தியது எது, இந்த ஸ்பிரிங் எந்தச் சமயத்தில் தளர்ந்தது, இந்த முத்திரை எந்தத் தொழிற்சாலையுடையது என்று அவர்கள் பொழுது போவது தெரியாமல் விவாதிப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் யந்திரப் பித்தாகத் தோன்றலாம். ஆயினும் டாங்கியை எதிர்க்கப் பிறந்த ஆயுதங்களின் ஃபியூஸ்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் பொதிந்திருப்பது யந்திர நுட்பம் மட்டுமல்ல, அந்த ஆயுதத்தை ஏந்திய சிப்பாயின் உயிருக்கு அவனை அனுப்பிய ராஜ்யம் எவ்வளவு அவகாசம் ஒதுக்கிற்று என்ற கணக்குமாகும் என்பது விளங்கும்.

ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு விரதங்களை ஃபியூஸ் காக்க வேண்டியிருக்கிறது. கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடக்கும்போதும், லாரியில் குலுங்கும்போதும், சிப்பாயின் கை நழுவித் தரையில் விழும்போதும், பீரங்கி வாயிலிருந்து பேரதிர்ச்சியோடு புறப்படும்போதும் அது மௌனமாயிருக்க வேண்டும். இலக்கைத் தொட்ட க்ஷணத்தில் ஒரு முறை தவறாமல் பேச வேண்டும். குண்டின் வயிற்றை நிரப்பும் பிரதான வெடிமருந்து பெரும்பாலும் மந்த சுபாவமுள்ளது. அதைச் சாதாரணமாக அடித்தாலும் இடித்தாலும் எளிதில் எழாது. அதை எழுப்புவதற்கென்று, சிறு குத்துக்கே சீறி எழும் தீவிரமான மருந்து சிறிதளவு வேண்டும். அந்தத் தீவிர மருந்தைக் குத்தும் ஊசியையும், குத்தவிடாமல் தடுக்கும் காப்புகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துக் காவல் வைப்பதே ஃபியூஸின் வேலை. சேகரிப்பாளர்களின் விவாதங்களில் பாதிக்கு மேல் ஊசியைப் பற்றியவை அல்ல, காப்புகளைப் பற்றியவையே என்பதிலிருந்து இந்தக் கலையின் சிரமம் எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆதியில் இந்தச் சிரமமே இருக்கவில்லை, ஏனெனில் கருமருந்து நிரப்பிய மரக்குழாய் ஒன்றே ஃபியூஸாக இருந்தது; அது எரிந்து முடியும் நேரத்தை அனுபவத்தால் மதிப்பிட்டுக் குழாயை நறுக்கிக்கொள்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எழுதியதும், அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அடித்தால் பற்றும் மருந்துகளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த 1807-இல் உரிமை பெற்றதும், மோதலினால் வெடிக்கும் குண்டுக்கு வழி திறந்தன. முதல் மகாயுத்தத்தில் முள்வேலிகளை அறுப்பதற்காகப் பிரிட்டிஷார் கொணர்ந்த 106-ஆம் எண் ஃபியூஸ், தரையில் புதையுமுன் மேற்பரப்பைத் தொட்டவுடனேயே வெடிக்கும் தன்மையுள்ளதாய் இருந்தது; அதன் தலையில் சுற்றப்பட்டிருந்த நாடா, குண்டு சுழன்று பறக்கையில் தானே அவிழ்ந்து விலகிய பிறகுதான் ஊசிக்கு விடுதலை கிடைக்கும். நாடா அவிழும் அந்தச் சொற்ப நேரத்துக்குள் குண்டு தன் பீரங்கியையும் அதன் சிப்பந்திகளையும் விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. காப்பு நீங்குவதைப் பறத்தலோடு பிணைத்த இந்த யுக்தி, பின்னால் டாங்கிக் குண்டுகளிலும் வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

1916 செப்டம்பர் 15-ஆம் தேதி ஸோம் யுத்தகளத்தில் ஃப்ளேர், கூர்ஸ்லெத் கிராமங்களுக்கருகே டாங்கிகள் முதன்முதலாக ஊர்ந்து வந்தபோது, அவற்றை எதிர்ப்பதற்கென்று தனி ஆயுதம் ஒருவரிடமும் இல்லை. ஜெர்மானியர் சாதாரணப் பீரங்கிகளை நேரே குறிவைத்துச் சுட்டனர். 1918-இல் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வாயுள்ள பெருந்துப்பாக்கி ஒன்றைத் தயாரித்துக் காலாட்படையிடம் கொடுத்தனர். திண்மமான உலோகக் குண்டு தன் வேகத்தாலேயே தகட்டைத் துளைக்குமாதலால் அதற்கு ஃபியூஸ் அவசியப்படவில்லை. துளைத்துச் சென்ற பிறகு உள்ளே வெடிக்க வேண்டுமென்று விரும்பியவர்கள் மட்டும், யுத்தக் கப்பல்களின் கவசத்தை உடைத்த குண்டுகளிலிருந்து பாடம் கற்று, தகட்டில் மோதி நசுங்கும் மூக்கை விட்டுவிட்டுக் குண்டின் அடியில் ஃபியூஸை வைத்து, துளைத்தலுக்கும் வெடித்தலுக்கும் இடையே ஒரு நுண்ணிய தாமதத்தையும் அமைத்தனர். இவை யாவும் பெரிய பீரங்கியை நம்பிய ஏற்பாடுகள். தனி மனிதன் தோளில் சுமக்கக்கூடிய ஆயுதத்தால் கனத்த கவசத்தை வெல்ல முடியும் என்ற எண்ணம், வெடிமருந்தைப் பற்றிய ஒரு விசித்திரமான உண்மை தெளிவாக விளங்கிய பிறகே பிறந்தது.

வெடிமருந்துக் கட்டியின் முகத்தில் ஒரு குழிவு இருந்தால் அந்தத் திசையில் அதன் வேகம் குவிகிறது என்பதே அந்த உண்மை. ஃபிரான்ஸ் ஃபான் பாடர் என்ற ஜெர்மானியர் 1792-லேயே இதன் சாயலைக் குறிப்பிட்டிருந்தார். மாக்ஸ் ஃபான் ஃபோர்ஸ்டர் 1883-இல் பரிசோதனைகள் செய்தார். அமெரிக்கக் கடற்படையின் நியூபோர்ட் டார்பிடோ நிலையத்தில் இருந்த சார்ல்ஸ் மன்ரோ என்ற ரசாயன அறிஞர் 1888-இல், பஞ்சு வெடிமருந்துக் கட்டியொன்றை இரும்புத் தகட்டின்மேல் வைத்து வெடித்தபோது, கட்டியில் குழிவாகப் பொறித்திருந்த கடற்படையின் எழுத்துகள் தகட்டிலும் அப்படியே பதிந்திருக்கக் கண்டார். குழிவுக்குள் மெல்லிய உலோகத் தகட்டைக் கூம்பாக வைத்துவிட்டால் விளைவு பன்மடங்காகும் என்பது 1930-களில் அமெரிக்கரான ஆர். டபிள்யூ. வுட், ஆஸ்திரியரான தோமானெக், சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி மோஹாப்ட் ஆகியோரின் ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டது. வெடிப்பின் அழுத்தத்தில் அந்தக் கூம்பு நொறுங்கி நீண்ட ஊசி போன்ற தாரையாகி, முனையில் விநாடிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. உருகிய உலோகம் தகட்டை எரித்துத் துளைக்கிறது என்று பலர் நினைப்பது தவறு. அது பெரும்பாலும் உருகாத உலோகமே, அசாத்தியமான அழுத்தத்தில் திரவம்போல நடந்துகொள்கிறது. 1940 மே 10-ஆம் தேதி பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டைமேல் கிளைடர் விமானங்களில் வந்திறங்கிய ஜெர்மன் வீரர்கள், ஐம்பது கிலோ எடையுள்ள குழிவு வெடிகளை அதன் இரும்பு மாடங்கள்மீது வைத்து வெடித்தபோது உலகம் இதைக் கண்கூடாகக் கண்டது.

குழிவு வெடியின் பலம் வேகத்தில் இல்லை. மெதுவாக எறிந்தாலும் அது அதே ஆழத்துக்குத் துளைக்கும். காலாட்படைக்கு இது வரப்பிரசாதமாயிற்று. ஆனால் ஃபியூஸை வடிக்கிறவனுக்கோ மூன்று கட்டளைகள் ஏற்பட்டன. தாரை உருவாகி நீள்வதற்கு, கூம்புக்கும் தகட்டுக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி இருக்கையிலேயே வெடிக்க வேண்டும். கூம்புக்குப் பின்னாலிருந்து வெடிப்பலை கிளம்பி முன்னோக்கி வர வேண்டுமாதலால், தொடுவது மூக்கானாலும் தீ பற்றுவது அடியில் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே காலதாமதம் கூடாது. அடுத்த இருபது வருஷங்களில் இந்த ஆயுதங்களில் நேர்ந்த மாறுதல்களில் பெரும்பாலானவை இம்மூன்று கட்டளைகளுக்கும், தூக்கிச் செல்பவனின் க்ஷேமத்துக்கும் இடையே செய்துகொண்ட சமரசங்களே.

டன்கர்க்கிலிருந்து 1940 ஜூனில் மீண்ட பிரிட்டிஷ் சேனை தன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளில் பெரும்பகுதியைப் பிரான்சிலேயே விட்டுவந்திருந்தது. சத்துரு கடல் தாண்டி வந்தால் எதைக்கொண்டு தடுப்பது என்ற திகிலில், துப்பாக்கி முனையில் பொருத்திச் சுடும் 68-ஆம் எண் குழிவுக் குண்டு சேனைக்கு வழங்கப்பட்டது. போர்முனைக்கு வந்த குழிவு வெடிகளில் கையாள எளிதான முதல் ஆயுதங்களுள் அது ஒன்று. துளைத்த ஆழமோ ஐந்து சென்டிமீட்டர் அளவே. அதே வருஷத்தில் மில்லிஸ் ஜெஃபரிஸ் என்ற ராணுவ எஞ்சினீயரின் கீழ் இருந்த சிறு ஆராய்ச்சிக் குழு 74-ஆம் எண் கைக்குண்டைச் சிருஷ்டித்தது. ஒட்டும் குண்டு என்று சிப்பாய்கள் அழைத்த இதில் குழிவும் இல்லை, கூம்பும் இல்லை. நைட்ரோகிளிசரின் கலந்த பசைபோன்ற வெடிமருந்து நிறைந்த கண்ணாடிக் குடுவை, அதன்மேல் பிசின் பூசிய கம்பளி உறை, அதைச் சுற்றி இரண்டு தகரக் கிண்ணங்கள், கீழே ஒரு கைப்பிடி, இவ்வளவுதான். கிண்ணங்களைக் கழற்றிவிட்டு, டாங்கியின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்தால் குடுவை உடைந்து மருந்து தகட்டில் அப்பிக்கொள்ளும். கைப்பிடியிலுள்ள நெம்புகோலை விட்டவுடன் ஐந்து விநாடிக் கணக்குத் துவங்கும்.

அந்த ஐந்து விநாடியே சிப்பாய்க்கு அளிக்கப்பட்ட மூலதனம். இயந்திரத் துப்பாக்கியோடு நகரும் இரும்புக் கோட்டையின் அருகே கைதொடும் தூரத்துக்கு வந்து, குண்டை அப்பி, ஓடி, பள்ளத்தில் விழுவதற்குள் அது செலவாகிவிட வேண்டும். குறைத்தால் சிப்பாய் மடிவான். கூட்டினால் டாங்கி நகர்ந்து குண்டு உதிர்ந்துவிடலாம், அல்லது உள்ளிருப்பவன் சுதாரித்துக்கொள்ளலாம். அந்தப் பிசின் டாங்கியின் சேற்றுப் படிந்த தகட்டில் ஒட்ட மறுத்ததும், எறிபவனின் உடுப்பில் மட்டும் தயக்கமின்றி ஒட்டிக்கொண்டதும் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட சங்கதிகள். ஆயுத நிபுணர்கள் விரும்பாத இந்தக் குண்டு, பிரதமர் சர்ச்சிலின் ஆதரவால் இருபத்தைந்து லட்சம் வரை உற்பத்தியாயிற்று.

எதிர்த்தரப்பிலும் இதே கணக்குப் போடப்பட்டது. ஜெர்மானியர் 1942 நவம்பரில் வழங்கத் தொடங்கிய மூன்று கிலோ காந்தக் குண்டு, குழிவு வெடியையும் காந்தக் கால்களையும் சேர்த்தமைத்தது. கால்கள் தகட்டைப் பற்றிக்கொள்வதோடு, தாரைக்கு வேண்டிய இடைவெளியையும் தாமே அளந்து கொடுத்துவிடுமாதலால், மூன்று கட்டளைகளில் இரண்டு ஒரு ஃபியூஸ் நுட்பமும் இல்லாமல் நிறைவேறின. பதினான்கு சென்டிமீட்டர் கவசத்தையும் துளைக்கக்கூடியதாயினும், அதன் இழுப்புத் திரி முதலில் நாலரை விநாடியே எரிந்தது. ஓடித் தப்ப அது போதவில்லை என்பது அனுபவத்தில் தெரிந்து, 1943 மே மாதம் ஏழரை விநாடியாக நீட்டினார்கள். இரண்டு திரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சேகரிப்பாளருக்கு, இடைப்பட்ட மூன்று விநாடி சோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல, பலருடைய பிராணனைக் கொடுத்து வாங்கியது என்பது சொல்லாமலே புலப்படும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாங்கள் செய்ததை எதிரிகளும் செய்வார்கள் என்று அஞ்சிய ஜெர்மானியர், காந்தம் பிடிக்காதபடி தங்கள் டாங்கிகளின்மேல் ஸிம்மெரிட் என்ற காரையை வரிவரியாகப் பூசினார்கள். எதிரிகளோ அவ்வகைக் குண்டைப் பெருமளவில் கையாளவே இல்லை. 1944 செப்டம்பரில் பூச்சு நிறுத்தப்பட்டது.

இந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்ட தேசமும் ஒன்று உண்டு. ஜப்பானியர் 1944-இல் பிலிப்பைன்ஸ் களத்தில் கொணர்ந்த ஈட்டிக் குண்டு, நீண்ட கழியின் முனையில் குழிவு வெடியையும் அதன் முகத்தில் மூன்று கால்களையும் கொண்டது. சிப்பாய் ஓடிவந்து டாங்கியில் குத்த வேண்டும்; குத்திய க்ஷணமே அது வெடிக்கும். இடைவெளியை மூன்று கால்கள் ஒழுங்காகக் காத்தன. பின்னிருந்து எழும் வெடிப்பும் முறைப்படி அமைந்தது. யந்திர சாஸ்திரப்படி அதில் குறை காண்பது அரிது. ஏந்தியவன் திரும்பி வருவான் என்ற உத்தேசம் ஒன்றுதான் அதன் அமைப்பில் இடம் பெறவில்லை. அதே ஆயுதத்தை 1946 டிசம்பரில் ஹானோய் நகரத் தெருக்களில் வியட்நாமியத் தேசபக்தர்கள் பிரெஞ்சுக் கவச வண்டிகளுக்கு எதிராகப் பிரயோகித்தனர். அதை ஏந்தி நிற்கும் வீரனின் நினைவுச்சின்னம் இன்றும் அந்நகரில் இருக்கிறது. ஒரே ஃபியூஸ் ஒரு தேசத்தில் உயிரைத் துச்சமாக மதித்த ஆட்சியின் சாட்சியாகவும், மற்றொரு தேசத்தில் வேறு வழியற்றவர்களின் தியாகச் சின்னமாகவும் நிற்பதால், கருவியை வைத்து மட்டும் மனிதரை எடைபோடலாகாது என்ற எச்சரிக்கையும் இங்கே வேண்டியிருக்கிறது.

விநாடிகளைக் கூட்டுவதற்கு எல்லை உண்டென்று கண்டவர்கள், அதற்குப் பதிலாகத் தூரத்தைக் கொடுக்க முயன்றார்கள். கையால் எறிந்து, மோதலில் வெடிக்கும் குண்டு அம்முயற்சியின் முதற்படி. பிரிட்டிஷாரின் ஆல்வேஸ் ஃபியூஸில், மூடியைத் திருகிக் கழற்றி எறிந்தவுடன் முனையில் ஈயத்துண்டு கட்டிய ஒரு நாடா காற்றில் அவிழ்ந்து, கடைசிச் சுற்றோடு காப்பு ஊசியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதன்பின் குண்டு எந்தப் பக்கமாக விழுந்தாலும் உள்ளேயுள்ள இரும்புருண்டையும் ஊசியும் ஒன்றையொன்று நெருங்கி வேலையை முடித்துவிடும். முதல் மகாயுத்தத்து 106-ஆம் எண்ணின் நாடா இங்கே கைக்குண்டுக்குக் குடிபெயர்ந்திருப்பதைச் சேகரிப்பாளர்கள் மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுவார்கள். பாராசூட் படையைச் சேர்ந்த காப்டன் காமன் வகுத்த துணிப்பைக் குண்டிலும் இதே ஃபியூஸ்தான். பையில் எவ்வளவு மருந்து அடைப்பது என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்து சிப்பாயின் தீர்மானம். ருஷியர்கள் 1943-இல் வெளியிட்ட கைக்குண்டிலோ, கூம்பு டாங்கியை நோக்கியே விழ வேண்டுமென்பதற்காக, எறிந்தவுடன் வால்போல விரியும் துணிப்பட்டைகளை இணைத்திருந்தார்கள். ஆயினும் மனிதக் கை எறியும் தூரம் பதினைந்து இருபது மீட்டர்தானே.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவை பியட், பஸூக்கா, பான்ஸர்ஃபௌஸ்ட் என்ற மூன்று ஆயுதங்கள். பிரிட்டிஷாரின் பியட் 1943-இல் களத்துக்கு வந்தது. பலமான ஸ்பிரிங்கினால் தள்ளப்பட்ட தண்டு, குண்டின் வாலிலிருந்த மருந்தைப் பற்றவைத்து, குண்டை விநாடிக்கு எழுபத்தைந்து மீட்டர் வேகத்தில் அனுப்பியது. நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் வரையில் டாங்கியைக் குறிவைக்கலாம். மூக்கில் இருந்த ஃபியூஸ் மோதியவுடன் தீப்பொறி ஒரு குழாய் வழியே கூம்பைக் கடந்து அடிக்குச் சென்று அங்கே வெடிப்பைத் துவக்கியது. தொடுவது முன்னே, வெடிப்பது பின்னே என்ற கட்டளைக்கு இது ஒரு நேர்த்தியான விடை. சாய்வான கவசத்தில் பட்டுச் சறுக்கும்போது மூக்கு நேராக நசுங்காமல் குண்டு வெடிக்கத் தவறுவது அதன் பலவீனம். ஆகவே சிப்பாய் மேலும் நெருங்க வேண்டியதாயிற்று. 1944 மே 16-ஆம் தேதி இத்தாலியில் ஃப்ராங்க் ஜெஃபர்சன் என்ற சிப்பாய் ஏறக்குறைய இருபது கஜ தூரத்துக்கு ஓடி, நின்றபடியே சுட்டு ஒரு டாங்கியை வீழ்த்தினார். நம் நாட்டில், மணிப்பூரின் நிங்தௌகோங் கிராமத்தருகே 1944 ஜூன் 12-ஆம் தேதி, சிக்கிமில் பிறந்த கூர்க்கா வீரர் கஞ்சு லாமா, மணிக்கட்டு முறிந்தும் கையிலும் காலிலும் காயமுற்றும், பியட்டோடு தவழ்ந்து முப்பது கஜத்துக்குள் நெருங்கி அடுத்தடுத்து இரண்டு ஜப்பானிய டாங்கிகளை அழித்தார். ஆர்னம் நகரில் அதே ஆண்டு செப்டம்பரில் மேஜர் ராபர்ட் கெயின் சுட்ட ஒரு குண்டு இலக்கை அடையாமல் அருகிலேயே வெடித்து அவர் கண்களைத் தற்காலிகமாகக் குருடாக்கிற்று. பார்வை திரும்பியதும் அவர் மீண்டும் சண்டைக்குப் போனார். மூவருக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. தூரத்தைக் கொடுப்பதற்கென்றே பிறந்த ஆயுதம், அந்தத் தூரத்தை நம்ப முடியாதபோது வீரத்தையே ஈடாகக் கேட்டது என்பதைத்தான் அப்பதக்கங்கள் ஒருவகையில் பதிவுசெய்திருக்கின்றன.

அமெரிக்காவில் மோஹாப்டின் குழிவுக் குண்டு கையால் எறியவும் துப்பாக்கியால் சுடவும் கனமாயிருந்ததால், கர்னல் ஸ்கின்னரும் லெப்டினன்ட் எட்வர்ட் ஊலும் அதற்கு ராக்கெட்டைப் பூட்டி, 60 மில்லிமீட்டர் குழாயொன்றைத் தோளில் சாத்தினார்கள். பாப் பர்ன்ஸ் என்ற நகைச்சுவை நடிகரின் குழல் வாத்தியத்தை ஒத்திருந்ததால் பஸூக்கா என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ராக்கெட்டின் அடியில் இருந்த ஃபியூஸ் மிக எளிமையானது: மோதலில் குண்டு நின்றுவிட, உள்ளிருக்கும் எடை மட்டும் நிற்காமல் முன்னே சென்று ஊசியைக் குத்தும். கூர்மூக்குக் குண்டு சாய்வான தகட்டில் வழுக்கிச் சென்றதனால் பின்னர் மூக்கை உருண்டையாக்கினார்கள். ஜெர்மானியரின் பான்ஸர்ஃபௌஸ்ட்டோ ஒரே முறை சுட்டு எறிந்துவிடும் மலிவான ஆயுதம். அறுபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் ஃபியூஸும் தூண்டுமருந்தும் சுடுவதற்கு முன்புதான் தலைப்பகுதியைக் கழற்றி உள்ளே வைக்கப்பட்டன. பயணத்தின் அபாயத்தைத் தவிர்க்க இதைவிடச் சுலபமான வழியில்லை. ஆனால் இறுதி நாட்களில் சொற்பப் பயிற்சியோடு களத்துக்கு அனுப்பப்பட்ட கிழவர்களும் சிறுவர்களும் அந்த வேலையை நடுங்கும் விரல்களால் செய்ய வேண்டியிருந்தது. தொழிற்சாலை தன்மேல் போட்டுக்கொள்ளாத பொறுப்பு, கடைசியில் படையில் மிக எளியவன் தலையில் விழுந்தது.

யுத்தம் முடிந்து ஐந்தாண்டுக்குப் பின், 1950 ஜூலை 5-ஆம் தேதி கொரியாவில் ஓஸான் அருகே, அவசரமாக அனுப்பப்பட்ட சில நூறு அமெரிக்கச் சிப்பாய்கள் பழைய பஸூக்காக்களோடு வட கொரியரின் டி-34 டாங்கிகளை எதிர்கொண்டனர். ராக்கெட்டுகள் பட்டும் டாங்கிகள் நிற்கவில்லை. மூன்றரை அங்குலப் புதிய பஸூக்கா விமானத்தில் விரைந்து வந்து, அதே மாதம் தேஜோன் நகரச் சண்டையில் தன் வேலையைக் காட்டியது. குண்டு பெரிதானால் போதும் என்ற அந்த விடை தற்காலிகமானதே. டாங்கிக் கவசம் வளர வளரக் குண்டு வேகமாகவும் தூரமாகவும் போக வேண்டியதாயிற்று. வேகம் கூடியபோது எடையும் ஊசியும் கொண்ட யந்திர ஃபியூஸ் பின்தங்கியது. விநாடிக்கு எண்பது மீட்டர் செல்லும் குண்டு, ஆயிரத்தில் ஒரு விநாடித் தாமதத்தில் எட்டு சென்டிமீட்டர் நகர்கிறது. முன்னூறு மீட்டர் செல்லும் குண்டோ முப்பது சென்டிமீட்டர் நகர்ந்து, கூம்பு வடிவிழந்து நசுங்கியே போய்விடும்.

இந்த நெருக்கடியிலிருந்து மீட்டது யுத்தத்தைக் கனவிலும் எண்ணாத ஒரு கண்டுபிடிப்பு. பியேர் கியூரி, ழாக் கியூரி என்ற சகோதரர்கள் 1880-இல், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்று பாரிஸில் காட்டியிருந்தார்கள். அத்தகைய படிகம் மூக்கில் நசுங்கும்போது பிறக்கும் மின்துடிப்பு, எந்த ஊசியும் போட்டியிட முடியாத வேகத்தில் அடியிலுள்ள மின் டெட்டனேட்டரை எட்டிவிடும். மூக்கு உணர, அடி வெடிக்கும் இந்த ஏற்பாடு இரண்டாம் யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்தில் பல தேசங்களில் பரவிற்று. 1961-இல் சோவியத் சேனை ஏற்ற ஆர்.பி.ஜி.-7 என்ற தோளில் வைத்துச் சுடும் ஆயுதம் அதன் பிரசித்தமான உதாரணம். குண்டு சுட்டவனை விட்டுச் சில மீட்டர் விலகிய பிறகே அதன் ஃபியூஸ் விழித்துக்கொள்ளும். இலக்கைத் தவறவிட்டால் சில விநாடியில், ஏறத்தாழத் தொள்ளாயிரம் மீட்டர் சென்றபின், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1940-இல் ஐந்து விநாடிக்காக ஓடியவனுக்கு இப்போது காப்பும் தூரமும் கருவிக்குள்ளேயே கிடைத்துவிட்டன. ஆனால் எந்தக் காப்புக்கும் மாற்று உண்டு. வண்டியைச் சுற்றி இரும்புக் கம்பிச் சட்டங்களைப் பொருத்தினால், குண்டின் மூக்கு இரண்டு கம்பிகளுக்கிடையே நுழைய, அதன் தோள் நசுங்கி மின்பாதை கெட்டுவிடலாம்; படிகம் தகட்டைத் தொட்டும் செய்தி அடிக்குப் போய்ச் சேராது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராக்குக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க ஸ்ட்ரைக்கர் வண்டிகள் அத்தகைய கூண்டைச் சுமந்துகொண்டு ஓடின.

சேகரிப்பாளர்கள் இந்தச் சரித்திரத்தைப் புஸ்தகங்களிலிருந்து மட்டுமல்ல, உலோகத்திலிருந்தே வாசிக்கிறார்கள். பிரிட்டிஷ் ஃபியூஸின் உடம்பில் அதன் எண்ணும், செய்தவரின் குறியும், தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் ஃபியூஸில் தொழிற்சாலையை மறைத்துச் சொல்லும் எழுத்துக்குறிகள் இருக்கும். யுத்தத் துவக்கத்தில் கடைந்தெடுத்த பித்தளையும் அலுமினியமுமாக இருந்தவை, முடிவை நெருங்க நெருங்க எஃகும் துத்தநாகமும் பேக்கலைட்டுமாக மாறியதைப் பார்த்தாலே ஒரு தேசத்தின் உலோகப் பஞ்சத்தை வருஷவாரியாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரத்திலுள்ள ராணுவத் தொழில்நுட்பச் சேகரத்திலும், இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி மியூசியத்திலும், லண்டன் யுத்த மியூசியத்திலும் இவ்வாயுதங்களைக் காணலாம்.

இந்த ஆர்வத்துக்கு ஒரு கடுமையான தர்மமும் உண்டு. மருந்து நீக்கப்பட்டதென்று உரிய நிபுணரால் உறுதி செய்யப்படாத எதையும் தொடுவதில்லை என்பதை நல்ல சேகரிப்பாளர்கள் மதக்கட்டளைபோலக் காக்கிறார்கள். வெடிக்கத் தவறிய குண்டின் ஃபியூஸ் செத்துப்போனதல்ல. காப்புகளை இழந்து, பேசவேண்டிய சொல்லைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு நிற்பது. ஆல்வேஸ் ஃபியூஸ் பொருத்திய குண்டு வெடிக்காமல் கிடந்தால் அதை நகர்த்தாமல் கிடந்த இடத்திலேயே தகர்க்க வேண்டுமென்று அக்காலத்து ராணுவமே விதித்திருந்தது. பெல்ஜியத்தில் முதல் மகாயுத்தத்துக் குண்டுகளை உழவர்களின் கலப்பைகள் இன்றும் ஆண்டுதோறும் நூறு டன்னுக்கு மேல் கிளறிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே அறுத்துக் காட்டப்பட்ட பழைய ஃபியூஸ் அலமாரி அலங்காரமல்ல. வயலிலோ அஸ்திவாரக் குழியிலோ துருப்பிடித்த குண்டொன்று தென்பட்டால், அதை அகற்ற வருகிற நிபுணர் முதலில் கேட்கும் கேள்வி அது என்ன குண்டு என்பதல்ல, அதில் என்ன ஃபியூஸ் என்பதே. விடை பெரும்பாலும் இப்படி யாரோ பொறுமையாய்ச் சேகரித்து, அறுத்து, வரைந்து, பெயரிட்டு வைத்ததிலிருந்துதான் கிடைக்கிறது. குண்டைச் செய்த ராஜ்யங்கள் ஏந்துகிறவனுக்கு ஐந்து விநாடியா, ஏழரை விநாடியா என்று பேரம் பேசின. பின்னொரு நாள் அந்த நிலத்தை உழப்போகிறவனுக்கு எவ்வளவு அவகாசம் என்பதை ஒரு ராஜ்யமும் அன்று கணக்கில் சேர்க்கவில்லை. அந்த விடுபட்ட கணக்கை இப்போது நேர்செய்து வருபவர்கள், வெடி அகற்றும் படையினரும் அவர்களுக்குத் துணையாக இருக்கும் இந்தப் பித்தளைப் பிரியர்களுமே.